ஐரின் டீச்சருக்கு லீவு இல்லை

இறந்துபோன பிறகு ஐரின் டீச்சர் ஆபீசுக்கு ஒரு நாள்கூட லீவு போடவில்லை. உயிர் போனது செவ்வாய்க்கிழமை சாயங்காலம். டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வண்டியூர் தெப்பக்குளத்துக்குக் கிழக்கே இருக்கும் மிஷன் ஆபீஸ் ஹாலில் பெட்டியில் கிடத்தி, மாலை போட்டு, பாட்டுப் பாடினார்கள். புதன்கிழமை ஆபீஸ் திறக்கிற நேரத்துக்கு டீச்சர் பெட்டியிலிருந்து எழுந்து, மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தன் மேசைக்குப் போய் அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தார். திருமங்கலத்திலிருந்து ராக்கம்மாள் என்று ஒருத்தி. மகளுக்குப் பிரசவ வலி, ஜெபிக்க வேண்டும் என்றாள். டீச்சர் ஜெபித்தார், சுகப்பிரசவம் ஆனது. டாக்டரை மறுபடி கூட்டிவந்தார்கள். நாடி இல்லை, மூச்சு இல்லை, உடம்பு சில்லிட்டிருந்தது. செத்தவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் வேலை பார்த்துக்கொண்டிருக்கிற ஆளை எப்படிப் புதைப்பது என்று பாஸ்டர் கையை விரித்துவிட்டார். சவப்பெட்டி செய்துகொடுத்தவர் அதைத் திரும்ப வாங்க மறுத்ததால், கிறிஸ்துமஸ் தோரணங்களை அதில் போட்டு மாடியில் ஏற்றி வைத்தார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் அவருடைய வீட்டுக்காரர் மைக்கேல்ராஜ் சாரின் வாய்தான். எழுமலையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் தலைமையாசிரியர், டீச்சர் மூன்றாம் வகுப்பு. ரிட்டயர் ஆன தம்பதிகளை இந்த மிஷன், போனில் கேட்பவர்களுக்கு ஜெபிக்கிற ஊழியத்துக்கு எடுத்துக்கொள்ளும். சம்பளம் கிடையாது, ஆபீசுக்குப் பின்னால் ஒரு அறை, மூன்று வேளைச் சாப்பாடு. சேருகிற அன்றைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் முழங்கால் போட வேண்டும். செயலாளர் இருவர் தலையிலும் கை வைத்து, எவ்வளவு காலம் என்று கேட்பார். புருஷன்தான் இருவருக்குமாகப் பதில் சொல்வான். பெண்டாட்டியைக் கேட்கும் வழக்கம் இல்லை. எல்லோரும் ஒரு வருஷம் என்பார்கள். கொஞ்சம் தாராளமானவர்கள் இரண்டு என்பார்கள். தலையில் கையிருக்கும்போது கொடுத்த வாக்கை அதே கை விடுவிக்காமல் விட முடியாது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் பஸ்ஸில் வரும்போதே டீச்சர் படித்துப் படித்துச் சொன்னார்: "ஒரே வருசம்னு சொல்லிப்புடுங்க. அப்புறம் நம்ம வீட்டுக்குப் போயி நான் தூங்கணும்." கல்யாணமான நாளிலிருந்து விடியுமுன் எழுந்து பொங்கிவைத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிய பெண்பிள்ளை. நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. தூக்கம் ஒன்றுக்குத்தான் ஏங்கினார்.

மைக்கேல்ராஜ் சாரும் ஒரு வருஷம் என்று சொல்லத்தான் வந்தார். அவருக்கு முந்தி முழங்கால் போட்டவர் ஒரு ரிட்டயர்டு தாசில்தார். அந்த மனுஷன் மூன்று வருஷம் என்றதும் கூட்டம் அல்லேலூயா போட்டது. சாருக்கு மண்டைக்குள் ஏதோ ஏறிவிட்டது. தாசில்தாருக்குத் தலைமையாசிரியர் இளைத்தவரா? "ஆண்டவர் வர்ற வரைக்கும்" என்றார். உலக முடிவில் அவர் திரும்பி வருகிற வரைக்கும் என்று அர்த்தம். ஹால் அதிர்ந்தது. பக்கத்தில் டீச்சர் தலையைக் குனிந்தபடியே இருந்தார். அன்று சாயங்காலம் சாருக்குக் கிடைத்த காப்பியில் சர்க்கரை இல்லை. ஊழியத்தின் நடுவில் அற்ப விஷயம் என்று அதை அவர் குடித்துவிட்டார்.

டீச்சர் செத்த பிறகு அவருடைய ஜெபத்துக்கு உடனுக்குடன் பலன் கிடைத்தது. உசிலம்பட்டிப் பக்கத்துக் குடியானவர்கள் மழைக்கும் மாட்டுக்கும் போன் போட்டார்கள், கோயிலுக்குப் போகிறவர்களும் போட்டார்கள். செயலாளர் செல்வக்குமார் கெட்டிக்காரர். சாப்பிடாத ஆளுக்கு எதற்குச் சாப்பாட்டு நேரம் என்று அதை எடுத்துவிட்டார், தூங்காத ஆளுக்கு எதற்கு அறை என்று ராத்திரி போனையும் டீச்சரிடமே விட்டார். சித்திரை வெயிலில் டீச்சரின் மேசையைச் சுற்றி மட்டும் குளுகுளுவென்று இருக்கும். ஆபீஸ்காரர்கள் தங்கள் நாற்காலியை அங்கே இழுத்துப்போட்டு டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். வருஷங்கள் போயின. ரிசீவர் அழுத்தி அழுத்தி டீச்சரின் வலது காது கறுத்துச் சுருங்கிப்போனது. இமை மூடுவது நின்றது. "என்னங்க, உடம்பு மண்ணு கேக்குதுங்க" என்று ஒருநாள் மத்தியானம் சொன்னார். சார் அந்த மேசைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவருக்குப் பெண்டாட்டி மேல் பிரியம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து செயலாளரிடம் நடையாய் நடந்தார். "தம்பி, அவளை விட்டுருங்க. போதும், பாவம்."

"டீச்சர் போயிட்டா இம்புட்டு போனை யாரு சார் எடுக்குறது?" என்பார் செல்வக்குமார். தொல்லை பொறுக்காமல் கடைசியில் ஒரு வழி சொன்னார். "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே வாக்காக் குடுத்தீங்க. அதுல ஒரு ஆளை விடுறேன். இங்கயே நிக்கிற ஆளு, செத்தாலும் டீச்சரு மாதிரிதான் இருக்கணும். யாரை விடணும்னு சபைக்கு முன்னால நீங்களே சொல்லுங்க. நீங்கதான குடுத்தது."

சார் அன்றைக்கே பஸ் ஏறி எழுமலைக்குப் போய், கல்லறைத் தோட்டத்தில் டீச்சரின் அம்மாவுக்குப் பக்கத்தில் குழி வெட்டச் சொல்லிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை டீச்சர் தலைக்குக் குளித்து, மல்லிகைப்பூ வைத்து, அடக்கத்துக்குக் கட்டிய அதே வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைச் சார் பார்த்ததில்லை. இருவரும் முழங்கால் போட்டார்கள். செயலாளர் கை வைத்து, யாரை என்று கேட்டார். சாரின் நாக்கு நுனியில் டீச்சரின் பெயர்தான் இருந்தது. அப்போது டீச்சரின் தோளிலிருந்து அந்தக் குளிர் அவர் விலாவில் ஏறியது. திரும்பிப் பார்த்தார், கறுத்த காது தெரிந்தது, மூடாத கண் தெரிந்தது.

"என்னை விட்டுருங்க" என்றார்.

யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் ஆமென் என்றார், பிறகு எல்லோரும் சொன்னார்கள். டீச்சர் அவரை ஒரு தடவை பார்த்தார். உள்ளே போன் அடித்தது; முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து போனார்.

எழுமலையில் சாரை ஒருத்தரும் ஒரு சொல் சொல்லவில்லை. வெட்டிய குழியை அவருக்கே ஆகும் என்று பலகை போட்டு மூடி வைத்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்தது. தூக்கம்தான் வரவில்லை. மாத்திரை போட்டும் வரவில்லை, தோட்டத்தில் மண்வெட்டி பிடித்து உடம்பை அலுக்க வைத்தும் வரவில்லை. கண் இரண்டும் பழமாய்ச் சிவந்த பிறகு, ஒருநாள் காலையில் மிஷன் நம்பரைப் போட்டார்.

"ஸ்தோத்திரம். யாரு பேசுறீங்க?"

"மைக்கேல்ராஜ்."

"எந்த ஊரு?"

"எழுமலை."

"என்ன காரியத்துக்கு ஜெபிக்கணும்?"

"தூக்கம் வரலம்மா" என்றார் சார்.

டீச்சர் எல்லோருக்கும் ஜெபிக்கிற மாதிரியே, அவசரப்படாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் ஜெபித்தார். ஆமென் சொல்லி, அடுத்த போன் காத்திருக்கிறது என்று வைத்துவிட்டார். சார் ரிசீவரை வைத்த கையோடு கட்டிலில் சாய்ந்தார். மறுநாள் பால்காரர் வந்து கதவைத் தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை.