ஐந்து வார்த்தை வேகம்

"நிமிஷத்துக்கு அஞ்சு வார்த்தை அனுப்புறதுக்குப் பேரு மோர்ஸாம்மா? தந்தி அடிக்கிறீங்களா, தையல் பிரிக்கிறீங்களா?" என்று கேட்டார் எங்கள் அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் செயலாளர். நான் தையல்காரி. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆறு மாதம் தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே புள்ளியும் கோடுமாய்த் தந்தி அடிக்கும் மோர்ஸ் கீயை வைத்துத் தட்டிப் பழகினேன். காஜா எடுக்கும்போதும் காதில் மோர்ஸ்தான்.

"அந்த ஆளோட எதுக்கு மல்லுக்கு நிக்கிற?" என்றார் என் கணவர்.

"நின்னாத்தான் வழிக்கு வருவாரு."

ரேடியோ உரிமம் கைக்கு வந்த அன்று காலையே, அவர் கேலி செய்த அதே ஐந்து வார்த்தை வேகத்தில் பொது அழைப்பு விடுத்தேன். பதில் கொடுத்தவர் அதே செயலாளர். அழைத்தவரின் வேகத்தில்தான் பதில் தரவேண்டும், அதுதான் மரபு. அவரோ வேண்டுமென்றே ஆலங்கட்டி மழையாய்ப் பொழிந்தார். 'மெதுவாக அனுப்பவும்' என்பதற்கான மூன்று எழுத்துகளைத் தட்டினேன். இன்னும் வேகமாக அடித்தார். நானும் விடாமல் அதையே தட்டினேன், ஏழு தடவை. சங்கமே ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்ததால் அவரால் பாதியில் ஓடவும் முடியவில்லை.

கடைசியில் இறங்கி வந்தார். ஆனால் வேகத்துக்கே பழகிய கை, மெதுவாகப் போகத் தெரியாமல் தடுமாறியது. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சொந்தப் பெயரே கோணல்மாணலாக வந்தது.

பெயரை மறுபடி அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். இன்னொரு தடவை கேட்டேன். மூன்றாம் முறைதான் ஒவ்வொரு எழுத்தும் ஒழுங்காக வந்தது.

எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. அதற்காக, பிரித்துத் தைக்க வைக்காமல் விடுவேனா?