ஹார்னில் வராத குரல்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடி அறையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பெயர் ஜாபேஸ். எனக்குக் கோபம் சட்டென்று வரும். என் வேலையைக் குறை சொன்னால் இன்னும் சீக்கிரம் வரும். என் வேலையில் குறையே இருக்காது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன், அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி வரை.

ரஞ்சனி எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். மாரியம்மன் மேல் தானே ஒரு பாட்டுக் கட்டி என்னிடம் பதிவு செய்ய வந்தாள். அந்த எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழா மேடையில் புதிதாக யார் பாடுவதானாலும், கொடியேற்றும் நாள் காலையில் அவர் பாட்டைக் கோயிலின் ஹார்ன் ஒலிபெருக்கியில் ஒருமுறை போடவேண்டும். மலைச்சரிவில் கொழுந்து பறிக்கிறவர்கள் கேட்டுச் சரி என்றால்தான் சாயங்காலம் மேடை. இதுவரை ஒரு பெண்கூட அதில் ஏறியதில்லை. மைக்செட் போடும் அழகர்சாமி, பெண்கள் பாட்டு இங்கே எடுபடாது என்று கோயில் கமிட்டியில் சொன்னவர். அது என் காதுக்கும் வந்திருந்தது.

அதனாலேயே அவள் குரலுக்காக மிக்சரில் ரொம்ப மெனக்கெட்டேன். தப்பு மேளத்தையும் நாதஸ்வரத்தையும் வழக்கம்போல விட்டுவிட்டு, குரலை மட்டும் தனியாகப் பிரித்தேன். இடது பக்கத்துக்கு அதை அப்படியே அனுப்பினேன். வலது பக்கத்துக்கு அதன் அலையைத் தலைகீழாகத் திருப்பி அனுப்பினேன். ஹெட்போனில் கேட்டால் குரல் தலையைச் சுற்றி விரியும். மலையே பாடுவதுபோல் இருக்கிறது என்றாள் ரஞ்சனி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொடியேற்றும் நாளான செவ்வாய்க்கிழமை காலை, பாட்டு இருந்த என் போனை அழகர்சாமி ஆம்ப்ளிஃபையரில் மாட்டினார். தப்பு முழங்கியது. நாதஸ்வரம் வந்தது. குரல் வரவேண்டிய இடத்தில் குரல் இல்லை. பாட்டு ஓடி முடிந்தது, ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

அடுத்த நிமிடம் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். வேண்டுமென்றே குரலை அமுக்கிவிட்டார் என்று கமிட்டிக்காரர்கள் முன்னால் அழகர்சாமியின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவர் அம்மன் மேல் சத்தியம் செய்தார். யாரும் காதில் வாங்கவில்லை. இருபது வருடமாக அந்தக் கோயிலுக்கு மைக்செட் போட்டவரை, எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார் கமிட்டித் தலைவர். அதற்குள் ரஞ்சனி முதுகுக் கூடையோடு தோட்டத்திலிருந்து இறங்கி வந்துவிட்டாள். கூடப் பறிக்கிற பெண்கள் சிரித்திருக்கிறார்கள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அழகர்சாமியின் திருட்டுத்தனத்தைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒயரைப் பார்த்தேன். இடது, வலது இரண்டையும் ஒன்றாக முறுக்கியிருந்தார். ஹார்னுக்கு ஒரே வாய். ஊரில் எல்லா மைக்செட்டிலும் அப்படித்தான் முறுக்குவார்கள். ஒன்றைப் பிரித்துவிட்டுப் பாட்டைப் போட்டேன். ரஞ்சனியின் குரல் கணீரென்று எழுந்து எதிர்ச்சரிவு வரை போயிற்று.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரே கதவை உள்ளேயிருந்து ஒருவரும் வெளியேயிருந்து ஒருவரும் சமபலத்தில் தள்ளினால் கதவு அசையுமா? நான் திருப்பி அனுப்பிய குரலும் நேராக அனுப்பிய குரலும் அந்த முறுக்கில் சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிட்டன. ஹார்னில் போடப்போகிறார்கள் என்று தெரிந்தும் ஹெட்போனில் மட்டுமே கேட்ட மடையன் நான்.

தலைவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அழகர்சாமி செய்த கோளாறை நான் கண்டுபிடித்துவிட்டேனாம். ரஞ்சனி அழகர்சாமியிடம் போய் நின்றாள்.

"உங்களை அண்ணன்னுதானுங்க கூப்பிட்டேன்" என்றாள்.

அவர் குனிந்தபடி ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அப்படி ஒரு நினைப்பு வந்ததும் உண்மை. வெட்கமாக இருந்தது. இன்னும் கழற்றாமல் இருந்த மைக்கை எடுத்தேன்.

"குரலை அமுக்குனது நாந்தானுங்க. அழகர்சாமி அண்ணன் இல்லீங்க."

நான் சொன்னது மலை முழுக்கக் கேட்டது. அழகர்சாமி எழுந்து வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினார். என் போனைக் கழற்றி மேசை ஓரமாக வைத்தார். பிறகு மைக்கை ரஞ்சனியிடம் நீட்டினார்.

"நீ நேரா பாடு அம்மிணி. குறுக்க யாரும் வேண்டாம்."