பத்மாவதி புகையை விட்ட கதை

ஐம்பத்தெட்டாம் வருஷத்தில் கோயமுத்தூர் பஸ் ஸ்டாண்டில் யாராவது "பத்மாவதி வருது" என்று சொன்னால் போதும், கேட்டவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். வால்பாறைக்குப் போகும் 'பத்மாவதி மோட்டார் சர்வீஸ்' வண்டி அப்படிப் புகை விட்டது. நீலப் புகை, வாணலியில் எண்ணெய் தீய்ந்த நாற்றம். பின்னால் வரும் சைக்கிள்காரர்கள் இறங்கி ஓரமாக நின்றுவிட்டு, வண்டி கண்ணை விட்டு மறைந்த பிறகே மறுபடி ஏறுவார்கள். சாம்பிராணி போட ஆள் வேண்டாம், பத்மாவதி ஒரு சுற்று வந்தால் போதும் என்று வெற்றிலைக் கடைக்காரர்கள் கேலி பேசினார்கள்.

வண்டிக்கு மட்டும் அந்தப் பெயர் இருந்தால் தொலையட்டும் என்று விடலாம். பெயருக்குச் சொந்தக்காரி ஒருத்தி பீளமேட்டில் உயிரோடு இருந்தாள். அவள் புருஷன் சென்னகிருஷ்ணன், பழைய டீசல் பஸ் ஒன்றை வாங்கியபோது ராசி பார்த்து அதை மனைவி பெயரில் பதிந்தார். பெயரையும் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு எழுதிவைத்தார். அப்புறம் மில்லுக்குச் சாமான் வார்க்கும் பட்டறை ஒன்றைத் தொடங்கி, மனிதர் அதிலேயே மூழ்கிப் போனார். பஸ் கேட்பாரற்றுக் கிடந்தது. டிரைவர் ஆறுச்சாமி வீட்டு வாசலில் வந்து நின்று, டயரைக் கேட்பான், பேட்டரியைக் கேட்பான். பதில் சொல்ல ஆள் இல்லாமல் பத்மாவதிதான் சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே ருசி பிடித்துவிட்டது. காலையில் வண்டி கிளம்புமுன் ஷெட்டுக்குப் போய், அளவுக் கம்பியை உருவித் துணியில் துடைத்து எண்ணெய் பார்க்கிற அளவுக்கு ஆகிவிட்டாள். பெயருக்கு முதலாளியாக இருந்தவள் நிஜ முதலாளியாகிப் போனதை, அவள் புருஷன் உட்பட ஒருவரும் கவனிக்கவில்லை.

எனவே தெருவில் "பத்மாவதி புகையுது" என்று பையன்கள் கத்தும்போது அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். நியாயம்தானே? ஊரில் எந்தப் பெண்ணின் பெயரை இப்படி நடுத்தெருவில் வைத்து இழுத்தார்கள்?

கேலியோடு நின்றிருந்தால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று ஜனங்கள் சொல்லும் மோட்டார் இன்ஸ்பெக்டர் ஒரு நாள் மலைப் பாதையில் இந்த வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். கொண்டை ஊசி வளைவில் முன்னே ரோடு இருக்கிறதா பள்ளம் இருக்கிறதா என்று தெரியாமல் ஜீப்பை நிறுத்திவிட்டு இருமினாராம். மறுநாளே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "அடுத்த மாசம் நானே பின்னால வருவேன். அட்டகட்டி வரைக்கும் புகையில்லாம ஏறினா மலை ரூட் உங்களுக்கு. இல்லைன்னா வண்டியை ஓரம் கட்டுங்க."

சென்னகிருஷ்ணனுக்கு இது ஒரு வகையில் நிம்மதியாகவே இருந்தது. "பத்மா, நான் சொல்றதக் கேளு. இஞ்சினப் பிரிச்சு வேலை செய்யோணும்னா பிஸ்டனும் ரிங்கும் சீமையிலிருந்து வரோணும். இப்ப இருக்கிற இறக்குமதிக் கெடுபிடியில கப்பல் வந்து சேர ஒரு வருசம் ஆகும். லட்சுமணசாமி வண்டியக் கேக்கறாரு. குடுத்துப்போடலாம்."

லட்சுமணசாமி பல பஸ்களுக்கு முதலாளி. ஒரே ஒரு பஸ் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் அவருக்குப் பாவமாக இருக்கும். அந்தப் பாவத்தைப் போக்க அந்த ஒரு பஸ்ஸையும் வாங்கிக்கொள்வார்.

"அந்த ஒரு மாசம் கழியட்டுங்க," என்றாள் பத்மாவதி. "அதுக்குள்ள ஆகலீன்னா நீங்க சொன்னபடி வித்துப்போடலாம்." அந்த வண்டி போனால் காலையில் எழுந்து போக அவளுக்கென்று இந்த உலகத்தில் ஓரிடம் இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பீளமேட்டில் நடந்த பொருட்காட்சியில், எண்ணெய்க் கம்பெனிக்காரர் ஒருவர் புதுவிதமான இஞ்சின் ஆயிலைப் பற்றிப் பேசியதை அவள் கேட்டிருந்தாள். அழுக்கைக் கழுவுகிற மருந்து கலந்த ஆயில். அவர் ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னார். அவள் அதைச் சலவை ஆயில் என்று தன் வசதிக்கு மாற்றிவைத்துக்கொண்டாள். நேராக உக்கடத்தில் இருந்த மெக்கானிக் அக்பர் அலியின் பட்டறைக்குப் போனாள்.

"பாய், நம்ம வண்டி ஏனுங்க இத்தனை எண்ணெய் குடிக்குது?"

"பிஸ்டனச் சுத்தி ரிங்கு இருக்குதுங்களே, அது விரிஞ்சு சிலிண்டர் சுவத்த வழிச்சு உடோணும். அப்பத்தான் எண்ணெய் கீழ நிக்கும். கரி புடிச்சு ரிங்கு அது இருக்கற காடிப் பள்ளத்துக்குள்ளயே ஒட்டிக்கிச்சுன்னா, எண்ணெய் மேல ஏறி எரிஞ்சுபோகுங்க. அதுதான் புகை."

"அந்தக் கரியச் சலவை ஆயில் கரைக்குமுங்களா?"

அக்பர் அலி தாடியைச் சொறிந்தார். மெய்யைச் சொல்லாமல் இருக்கத் தெரியாத மனிதர். "ரிங்கு ஒட்டிக்கிட்டது மட்டுந்தான் சீக்குன்னா சரியாகுங்கம்மா. தேஞ்சே போயிருந்தா எந்த எண்ணெயும் ஒண்ணும் பண்ணாது. நம்ம இஞ்சின் எந்த ரகம்னு ஊத்திப் பாத்தாத்தான் தெரியும். இன்னொரு வெனையும் இருக்குது. கரையற கசடெல்லாம் கீழ சல்லடையில வந்து அடைச்சா, எண்ணெய் ஓட்டம் நின்னு இஞ்சினே சுத்தாம இறுகிப் புடிச்சுக்கும். அதனால மொத எண்ணெயச் சீக்கிரமே வடிச்சுப்போட்டு மறுபடி ஊத்தோணும்."

"தலைக்கு எண்ணெயும் சீயக்காயும் மாதிரிங்களா? மொதத் தண்ணி அழுக்காத்தான் வரும், ரெண்டாந் தண்ணியில தெளியும்."

"அதேதானுங்க," என்று சிரித்தார் அக்பர் அலி. "உங்களுக்குச் சுளுவாப் புரிஞ்சுபோச்சு. ஆறுச்சாமிக்கு நீங்களே சொல்லிப்போடுங்க."

அவள் சொன்னாள். ஆறுச்சாமி தலையைத் தலையை ஆட்டினான். புரிந்த மனிதன் ஆட்டுவதைவிடக் கொஞ்சம் வேகமாகவே ஆட்டினான் என்பதை அவள் அப்போது கவனித்திருக்கலாம்.

சலவை ஆயில் ஊற்றினார்கள். முதல் வாரம் புகை குறையாததோடு கூடவும் செய்தது. பஸ் ஸ்டாண்டில் பத்மாவதி மானம் கப்பலேறியது. "எண்ணெய்க்குச் சோப்புப் போட்டாங்களாமா, நுரை எப்ப வரும்?" என்று லட்சுமணசாமியின் கண்டக்டர்கள் கேட்டார்கள். ஆறுச்சாமி அளவுக் கம்பியை உருவிப் பார்ப்பான். தேன் நிறத்தில் ஊற்றிய எண்ணெய் கன்னங்கரேலென்று ஒழுகும். அவன் முகமும் அதே நிறத்துக்குப் போகும். பத்மாவதிக்கோ கறுப்பைப் பார்க்கப் பார்க்க உள்ளே ஒரு குதூகலம். அழுக்கு வெளியே வருகிறது என்றுதானே அர்த்தம்?

அடுத்த வாரம் ஒரு நாள் காலை ஷெட்டில் அவள் கம்பியை உருவினாள். எண்ணெய் பளபளவென்று தெளிவாக இருந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் கும்பிட்டிருப்பார்கள். பத்மாவதி கும்பிடவில்லை. துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தாள். அதே தெளிவு.

"ஆறுச்சாமி! இங்க வாப்பா."

அவன் வந்தான். வண்டியின் முன்பக்கத்தில் புதுச் சாமந்தி மாலை தொங்கியது. சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது.

"எண்ணெய என்ன பண்ணுனே?"

ஆறுச்சாமி துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்தான். "நேத்து அமாவாசைங்கம்மா. வண்டிக்குப் பூசை போட்டனுங்க. சூடம் காட்டறப்ப மனசு கேக்கலீங்க. வெளிய மாலையும் பொட்டும் வெச்சுப்போட்டு, உள்ளுக்குள்ள அத்தனை கறுப்பு எண்ணெய வெச்சுக்கிட்டு எப்படீங்க சாமி கும்பிடறது? வடிச்சுப்போட்டு, பழைய ரக ஆயில் பிரிக்காத டின்னு ஒண்ணு இருந்துச்சுங்க, அத ஊத்திப்போட்டேன். சுத்தமா இருக்கட்டுமுன்னு."

பத்மாவதிக்கு வந்த கோபத்தில் தமிழே மறந்து, வீட்டுப் பாஷையான தெலுங்கில் நாலு வார்த்தை கொட்டினாள். ஆறுச்சாமிக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் திட்டு எந்தப் பாஷையில் வந்தாலும் திட்டுதானே. அவன் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் அவளுக்கும் அழுகை வந்தது. இன்ஸ்பெக்டர் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வண்டியைத் தன் பிள்ளையைப் போலப் பார்க்கிறவன், பக்தியினாலேயே அதைக் கெடுத்துவிட்டானே!

ஆளை அனுப்பி அக்பர் அலியை வரவழைத்தாள். அவர் கதையைக் கேட்டுவிட்டுத் திட்டவில்லை. "வடிச்ச எண்ணெய் எங்கப்பா?" என்று மட்டும் கேட்டார். கொங்கு நாட்டில் வடித்த எண்ணெயை யார் கொட்டுவார்கள்? வேலிக் கம்பத்துக்குக் கரையான் வராமல் பூச, ஒரு டின்னில் பிடித்து மூலையில் வைத்திருந்தான். அக்பர் அலி அதைச் சாய்த்துக் குச்சியால் துழாவினார். அடியில் களி போல் கசடு அப்பிக் கிடந்தது. பிறகு வண்டிக்கடியில் படுத்து, எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிச் சல்லடையை வெளியே எடுத்தார். முக்கால்வாசி அடைத்திருந்தது.

"அம்மா," என்றார் எழுந்து உட்கார்ந்து. "அடுத்த வாரம் வடிக்கலாமுன்னு நாந்தானுங்க கணக்குப் போட்டிருந்தேன். என்ர கணக்கு தப்பு. இவன் நேத்து வடிக்காம இருந்திருந்தா, இன்னிக்கு மலையேறறப்பவே இஞ்சின் புடிச்சிருக்கும். ஊத்துனதுதான் தப்பு. வடிச்சது நொம்பச் சரி."

ஆறுச்சாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். திட்டு வாங்குகிறோமா பாராட்டு வாங்குகிறோமா என்று அவனுக்குத் தெரியவில்லை. பத்மாவதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேவிட்டாள். "போப்பா, போய் அந்தச் சல்லடையக் கழுவு. இனி எண்ணெய் எத்தனை கறுத்தாலும் என்னைக் கேக்காம தொடாதே. கறுத்தா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"சரிங்கம்மா," என்றான் அவன். இந்தத் தடவை மெதுவாகத் தலையை ஆட்டினான்.

சல்லடை கழுவி, பழைய ரக ஆயிலை இறக்கி, சலவை ஆயிலை இரண்டாம் முறை ஊற்றினார்கள். அது சாவகாசமாகக் கறுத்தது. ஆறுச்சாமி நாள் தவறாமல் வந்து, எண்ணெய் எத்தனை கறுத்தது என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனான். முன்பு மலை ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது. இப்போது கம்பியில் எண்ணெய் இறங்கவே யோசித்தது. ஆனால் ஷெட்டுக்கும் ஆழியாறுக்கும் நடுவே, சமதளத்தில் புகை இல்லாமல் இருப்பது பெரிய விஷயமில்லை. ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மலையில் ஏறும்போது அல்லவா தெரியும்.

அந்த நாளும் வந்தது. ஆழியாறு அடிவாரத்தில் இன்ஸ்பெக்டரின் ஜீப் நின்றது. அதற்குப் பின்னால் லட்சுமணசாமியின் கார். அதில், பேரம் முடிக்கத் தோதாக, சென்னகிருஷ்ணனும் உட்கார்ந்திருந்தார். பத்மாவதி பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் திரும்புவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டாள். திரும்பினால் புகை இருக்கும் என்று பயம்.

வண்டி வளைவுக்கு வளைவு கியரை மாற்றி ஏறியது. இஞ்சின் சத்தம் அவளுக்கு மனப்பாடம்; இன்று அதில் முக்கல் இல்லை, முனகல் இல்லை. கடைசி சீட்டில் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் மாசாணியம்மாள், துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சீட்டில் உட்காருகிறவர்கள் மலையேறும்போது முக்காடு போட்டுக்கொள்வது வழக்கம். அவளும் வழக்கப்படி போட்டிருந்தாள். நாலைந்து வளைவு ஏறிய பிறகு முக்காட்டை விலக்கி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அப்புறம் பஸ்ஸே அதிரக் கத்தினாள்.

"ஏனுங்கம்மா! பொகையே காணோமுங்க! பின்னால இன்ஸ்பெக்டரு மீசை தெரியுதுங்க!"

பஸ் முழுதும் திரும்பியது. மீசை தெரிந்தது. ஜீப்பின் நம்பர் தெரிந்தது. அதற்குப் பின்னால் காரில் லட்சுமணசாமி வாய் பிளந்திருப்பதும் தெரிந்தது. ஜனங்கள் ஓவென்று கூச்சல் போட்டார்கள். கண்டக்டர் காரணமே இல்லாமல் விசில் ஊதினான். ஆறுச்சாமி ஸ்டியரிங்கை விடாமல் "பத்மாவதிடா!" என்று ஒரு கத்தல் கத்திவிட்டு, முதலாளியம்மா பக்கத்தில் இருப்பது நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். அவளுக்குக் கோபம் வரவில்லை. வாழ்க்கையில் தன் பெயர் இத்தனை அழகாக அவள் காதில் விழுந்ததே இல்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், கடைசியில் அவளும் திரும்பிப் பார்த்தாள். ரோடு அடிவாரம் வரை பளிச்சென்று கிடந்தது.

அட்டகட்டியில் வண்டி நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து, சைலன்ஸர் குழாய்க்குப் பின்னால் குனிந்து நின்றார். ஆறுச்சாமியை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னார். நன்றாக மிதித்தான். அவர் நிமிர்ந்து, "ஓட்டுங்க," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

லட்சுமணசாமி காரிலிருந்து இறங்கிப் பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஏனுங்க, இஞ்சின் மாத்திப்போட்டீங்களா?"

"இஞ்சின் அதேதானுங்க," என்றார் சென்னகிருஷ்ணன். அவர் குரலில் பெருமையும் வெட்கமும் சமமாக இருந்தன.

"அப்படீன்னா நல்லதாப் போச்சு. பேசுனதுக்கு மேலயே தாரேன், இன்னிக்கே முடிச்சுக்கலாமுங்களா?"

சென்னகிருஷ்ணன் பஸ்ஸைப் பார்த்தார். பக்கவாட்டில் ஆள் உயரத்துக்குத் தானே எழுதிவைத்த பெயரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "என்னைய ஏனுங்க கேக்கறீங்க? முதலாளி அங்க நிக்கறாங்க, அவங்களக் கேளுங்க."

லட்சுமணசாமி அவள் பக்கம் திரும்பினார். முதன்முறையாக அவளுக்குக் கைகூப்பினார்.

"விக்கறதுக்கில்லைங்க," என்றாள் பத்மாவதி.

"வண்டி தராட்டிப் போகுது, அந்த எண்ணெய் பேராவது சொல்லுங்கம்மா. என்ர வண்டியும் ரெண்டு மூணு புகையுதுங்க."

"சொல்றேனுங்க. சாயந்தரம் ஷெட்டுக்கு வாங்க, உக்காந்து பேசலாம். இப்ப ஜனங்க ஊடு போய்ச் சேரோணும்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பஸ்ஸில் ஏறினாள். "போலாம், ஆறுச்சாமி," என்றாள். வண்டி வால்பாறைக்குக் கிளம்பியது.