ஏலவார்குழலிக்குக் கிடைத்த குடம்

பிள்ளையார்பாளையத்தில் ஏலவார்குழலி வீட்டு எவர்சில்வர் குடம் புரட்டாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் இருமத் தொடங்கியது. கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டதற்குப் பரிசாக வந்த குடம் அது. ஊசிக்கு ஒரு குடம் என்று ஆவணியில் கடைத்தெரு வியாபாரிகள் அறிவித்ததும், அதுவரை நர்ஸைக் கண்டால் கதவைச் சாத்திக்கொண்ட தெரு முழுக்க விடிவதற்குள் வரிசையில் நின்றது. அவள் ஒன்பதாவது ஆள். முகாமில் கொடுத்த முந்நூறு குடங்களில் மற்றவை எல்லாம் குடங்களாகவே இருந்தன.

இரண்டு சின்ன இருமல், பிறகு நீளமாக ஒன்று. தெருவுக்கே தெரிந்த இருமல்தான். வைகாசியில் கொரோனாவில் போய்ச் சேர்ந்த அவள் புருஷன் குமரகுரு அப்படித்தான் இருமினார். அதற்கு முந்தைய மாதம் நர்ஸ் நதியா மூன்று தடவை வீடு தேடி வந்து ஊசிக்குக் கூப்பிட்டாள். மூன்று தடவையும் அவர் தறியிலிருந்து எழுந்து சட்டையை மாட்டினார். "கை வீங்கிச்சுன்னா தறி சும்மா கெடக்கும். முகூர்த்தச் சேலைய முடிச்சுக் குடுத்துட்டு போலாம், உக்காருங்க" என்று உட்கார வைத்தவள் ஏலவார்குழலி. கேட்டவர்களிடம் மட்டும், "அவருதாம்மா ஊசியே வேணாம்னுட்டாரு" என்று சொல்லி வைத்திருந்தாள். செத்தவர் வந்து மறுக்கப் போகிறாரா என்ன?

குடத்தில் அரிசியைக் கொட்டிப் பார்த்தாள், பழம்புடவையால் சுற்றிப் பார்த்தாள். பாத்திரக் கடையில் போட்டு மாற்றப் போனாள். தராசில் வைத்ததுமே அது இருமியதில், கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். தண்ணீர் நிறைந்திருந்தால் மட்டும் சும்மா இருந்தது. அதனால் குழாயடிக்குப் போகாமல் முடியவில்லை. தெருவில் யாருக்கோ காய்ச்சல் என்று வந்த நதியா ஒருநாள் அங்கே நின்று அந்த இருமலைக் கேட்டாள். "அவரு இருமுற மாதிரியே இருக்குதேமா" என்றாள், குத்தலே இல்லாமல். ஏலவார்குழலிக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. உயிருக்கு வராதவள் குடத்துக்கு வந்தோமே என்கிற வெட்கத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருந்தாள். செத்தவர் தலையில் பழியைப் போட்டதைப் பொறுக்க முடியவில்லை. "அவரு சட்டைகூட மாட்டிக்கினு நின்னாரு. நான்தான் வுடல" என்று வரிசை முழுக்கக் கேட்கச் சொன்னாள். குடம் பாட்டுக்கு இருமிக்கொண்டிருந்தது.

இன்றுவரை அது நிற்கவில்லை. தறிச் சத்தத்தோடு ஒரு சத்தமாகத் தெருவுக்குப் பழகிவிட்டது. ஆஸ்பத்திரியில் குமரகுரு கடைசியாகத் தண்ணீர் கேட்டபோது, தொற்று என்று அவளை உள்ளே விடவில்லை. இப்போது குடம் காலியாகி இருமினால், "தோ வந்துட்டேங்க" என்று எழுந்து போய்த் தண்ணீர் ஊற்றுகிறாள். இருமல் அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.