சூசையம்மாள் சேர்த்த மண்

கார்த்திகைத் திங்களின் ஒரு முற்பகல். சிங்கப்பூருக்கு வடக்கே உள்ள ரெங்கம் ஊரின் புறத்தே, குன்றின்பின் குன்றாய் எழுந்து கண்ணுக்கெட்டும் தொலைவுவரை பரந்து கிடக்கும் எண்ணெய் தரும் செம்பனைக் காடுகளின்மேல் கருமுகில்கள் திரண்டு தாழ்ந்து, காற்றும் அடங்கி, பறவைகளும் ஒலி ஒடுங்கியிருந்த பொழுது. அங்கே ஒரு சரிவில், தம் மூன்று ஏக்கர் தோட்டத்தின் வாயிலில் நின்று, மனைவி சூசையம்மாளின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்த உறவினரை மரியநாதன் வரவேற்றுக்கொண்டிருந்தார்.

பெருந்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். துரை பார்வையிட வரும் நாளில் ஒரு சருகும் தரையில் கிடக்கலாகாது என்பது அவர் உடம்பில் ஊறிய ஒழுங்கு. ஆகவே, மனைவிக்குச் சிறப்புச் செய்யும் ஆவலில், சரிவெங்கும் முழங்கால் உயரம் குவிந்து கிடந்த பனைமட்டைகளை வாரி எரித்து, தரையைப் பெருக்கி, மரந்தோறும் இருமடங்கு உரம் இட்டிருந்தார். அன்பு மிகுந்தால் கை தாராளமாகத்தானே செய்யும்! வந்தவரெல்லாம் தோட்டத்தின் தூய்மையைப் புகழ்ந்தனர். முந்தைய நாள்தான் பயணம் முடிந்து திரும்பிச் சாம்பலைக் கண்ட பக்கத்துத் தோட்டத்துச் செல்வராணி மட்டும் கருமுகில்களையும் வெற்றுத் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அன்று மாலை பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் சரிவில் ஏறிய மரியநாதன் திகைத்துப்போனார். உரமும் கரிய மேல்மண்ணும் ஓடைவழியே ஓடிப்போயிருக்க, செம்மண் புண்போல் தெரிய, பனைகளின் மெல்லிய வேர்கள் வெளியே நீண்டு கிடந்தன.

"உரமெல்லாம் போச்சேம்மா," என்றார், வேலியருகே வந்த செல்வராணியிடம்.

"உரம் போனா வாங்கிக்கலாம்ணே. அந்தக் கறுப்பு மண்ணு அக்கா சேத்தது. வெட்டுன மட்டைய ஒவ்வொண்ணா இழுத்து, சரிவுக்குக் குறுக்கால போடுவாங்க. தண்ணி ஓடாம நிக்கும், மட்டையும் மக்கும். பதினோரு வருசம்ணே!"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"நீங்க சனிக்கெழம ராத்திரி வருவீங்க, மறுநாளே சிங்கப்பூருக்கு வேலைக்குக் கெளம்பிடுவீங்க. எப்ப சொல்லுவாங்க?"

"அந்த மண்ணு திரும்ப வருமா?"

"வரும்ணே. மெதுவாத்தான் வரும்," என்றவள், எழுபத்திரண்டு வயதுக்காரரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மரியநாதன் அந்தச் செம்மண்ணிலேயே அமர்ந்து வாய்விட்டு அழுதார். மனைவியின் கல்லறைக்கு மலர் சுமந்து சென்றவர், அவள் உழைப்பு உயிரோடு கிடந்த இடத்தைத் தம் கையாலேயே எரித்துவிட்டார். மாண்டாரைப் போற்றுவோர் பலர். அவர் வாழ்ந்த நாளில் என்ன செய்தார் என்று அறிந்தோர் சிலரே. விடுமுறை நாள்தோறும் அந்த மட்டைக் குவியல்களைத் தாண்டித்தான் மரியநாதன் வீட்டுக்குள் நுழைந்தார். இவை எதற்கு என்று அவளை ஒருநாளும் கேட்டதில்லை.