சுவரில் குத்திய பெட்டி

வட்டகொடைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அந்தப் பெட்டிகள் வந்தது 2008ஆம் ஆண்டு ஆனி மழையில். ஒவ்வொன்றும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. பின்பக்கம் இரண்டு ஊசி. வீட்டுத் திட்டத்துக்காகக் கொழும்பிலிருந்து வந்த குகநேசன் என்ற யாழ்ப்பாணத்து ஐயா, ஒன்றை எங்கள் ஓரறைக் காம்பராவின் பின்சுவரில் எப்போதும் நீர் கசிகிற இடமாகப் பார்த்துக் குத்தினார்.

"இது சுவரில எவ்வளவு ஈரம் இருக்கெண்டு அளக்கும் அம்மா. வயர் இல்லாமலே, தோட்டத்துப் பிள்ளையளைப் பாக்கிற பிள்ளைக் காம்பராவில வச்சிருக்கிற மிசினுக்கு அனுப்பும். ரெண்டு கிழமைக்கு, பதினாலு நாளைக்கு, கழட்டாதேங்கோ. ஈரம் கூடின பத்துக் குடும்பத்துக்குத்தான் புது வீடு."

வீடு என்றதும் நெஞ்சு குதித்தது உண்மைதான். என் மகள் ஜீவராணி அந்தச் சுவரோரம் படுத்துப் படுத்தே மூச்சிழுப்பு வாங்கிக்கொண்ட பிள்ளை. ஈரத்தில் படுக்க வைக்காதே என்று ஆஸ்பத்திரியில் ஏசினார்கள். வேறு எங்கே படுக்க வைப்பது? இருப்பது ஒரே காம்பரா.

ஆனாலும் சோழியன் குடுமி சும்மா ஆடுமா? முந்தின வருசம் வேலைநிறுத்தத்தின்போது எங்கள் காம்பராவில் பேசியதெல்லாம் மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில், எங்களை மேற்பார்க்கிற கண்டாக்கின் வாயிலிருந்து வந்தது. யார் போய்ச் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. இப்போது வயரே இல்லாமல் செய்தி அனுப்புகிற பெட்டி வந்திருக்கிறது. நான் என்ன, காதில் பூ வைத்தவளா?

"ஈரத்த அனுப்புற பெட்டிக்குப் பேச்ச அனுப்பத் தெரியாதா?" என்று என் வீட்டுக்காரர் சிவசாமியிடம் மெல்லக் கேட்டேன்.

"நீ மனுசனத்தான் நம்ப மாட்ட, பெட்டியையுமா?" என்றார்.

அவர் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலைக்குப் போனதும் பெட்டியைப் பிடுங்கி, அடுப்புக்குப் பின்னால் இருக்கிற சுவரில் குத்தினேன். விறகு வெடிக்கிற சத்தத்தையும் சட்டிபானைச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு கிடக்கட்டும் என்று நினைத்தேன். ஐயா எடுக்க வருகிற அன்று காலையில் பழைய இடத்திலேயே திரும்பக் குத்தி வைத்தேன். அவருக்குத் துளி சந்தேகம் வரவில்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த கிழமை பட்டியலோடு வந்தார். பத்துப் பேரில் நாங்கள் இல்லை. இருபத்து நான்கு காம்பராக்களிலும் எங்களுடையதுதான் ஆகக் காய்ந்ததாம். அடுப்புச் சூட்டில் வெந்த சுவரையல்லவா அந்தப் பெட்டி இரண்டு கிழமையாய் அளந்திருக்கிறது. ஓடிப்போய் அவரை மறித்து, செய்ததைச் சொன்னேன்.

"காலமையில இருந்து ஏழு வீட்டில இதையேதான் சொல்லுகினம் அம்மா. பட்டியலில இல்லாத ஆக்கள் எல்லாரும் பெட்டியைக் கழட்டித்தான் வச்சவையாம்."

"சத்தியமாங்கய்யா. வந்து பாருங்க, ஊசி குத்துன ஓட்ட இருக்கு."

வந்து பார்த்தார். கரி படிந்த சுவரில் இரண்டு ஓட்டைகள் இருந்தன.

"இதை ஆணியாலயும் குத்தலாம். நான் எடுக்க வரேக்க பெட்டி வச்ச இடத்திலதானே இருந்தது?"

இருந்தது. வைத்தவளே நான்தானே.

பின்சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டார். நனைந்த கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"மழை நாளில எல்லாச் சுவரும் நனையும். சரி, ஏன் கழட்டினீங்கள்? அதைச் சொல்லுங்கோ."

"நாங்க பேசுறத தோட்டத்துத் தொரைக்கு அனுப்பும்னு நெனச்சேங்க."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பொய்யாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. வாழ்நாளில் எவரிடமும் இப்படி முழு உண்மையைச் சொன்னதில்லை. அவர் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவமானமாக இருந்தது.

உள்ளே ஜீவராணி இருமத் தொடங்கினாள். நிற்காத இருமல். ஐயா அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அதுவும் நீங்கள் சொல்லிக் குடுத்ததோ அம்மா?" என்று கேட்டார்.