அக்காவின் ரப்பர் செருப்பு

ஸ்விட்சை அணைத்த பிறகும் அந்த இரும்புப் பெட்டி ஏன் விரலில் சுருக்கென்று அடிக்கிறது என்று மோட்டார் ரிப்பேர் செய்யும் தங்கைக்குப் பிடிபடவில்லை. இறந்துபோன அக்காவின் எலெக்ட்ரிக் ஆர்கனில் மிஞ்சியது அந்த ஆம்ப்ளிஃபயர் மட்டும்தான். அக்கா வாசித்துப் பதிந்த கேசட்டை அதில்தான் கேட்பேன் என்று அத்தான் ஒற்றைக்காலில் நின்றார்.

"உங்கக்கா பெட்டியாச்சே, தொட்டா சுருக்குன்னுதான் இருக்கும்" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"இருபது வருஷமா அவளை ஒண்ணும் பண்ணலையே, அத்தான்?"

"அவ ரப்பர் செருப்பு இல்லாம இதுகிட்ட உக்காரவே மாட்டாளே. வீட்டுக்குள்ளயும் செருப்பா, மகாராணின்னு நாமதான் கிண்டல் பண்ணுவோம்."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. ஷாக் அடிக்கிறது என்று சொன்னால் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்றுதான் அக்கா மூச்சுவிடவில்லை.

தங்கை பிளக்கைப் பிடுங்கினாள். மூடியைக் கழற்றி, கண்டென்சர்களில் தேங்கியிருந்த மின்சாரத்தை ரெசிஸ்டர் வைத்து வடித்தாள். ஸ்விட்ச், மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியில் இல்லாமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் இருந்தது. அதனால் அணைத்தாலும் ஃபேஸ் உள்ளேயே நின்று, ஒரு கிழட்டுக் கண்டென்சர் வழியாகப் பெட்டிக்குக் கசிந்தது. வெறுங்காலோடு தொட்டவர் உடம்பில் இறங்கியது.

அந்தக் கண்டென்சரை வெட்டி எடுத்தாள். ஸ்விட்சையும் ஃபியூசையும் ஃபேஸ் கம்பிக்கு மாற்றினாள். மூன்று கம்பி ஒயர் போட்டு, பச்சை எர்த் கம்பியைப் பெட்டியின் இரும்போடு திருகினாள்.

கேசட் ஓடியது. அத்தான் வெறுங்காலோடு வந்து பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார், எடுக்கவில்லை. இனி எது கசிந்தாலும் அந்தப் பச்சைக் கம்பி வழியே மண்ணுக்குப் போய்விடும்.